கதவு மூடிய பிறகு

அக்கா வீட்டுக்குப் போகும் சனிக்கிழமை அது. நானும் நாலு வயது மகளும் டத்தோ கிராமாட்டிலிருந்து கிளம்பி, ஃபெரியில் கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினோம். புக்கிட் மெர்தாஜம் ஸ்டேசனில் பைகளை முதலில் இறக்கி வைத்துவிட்டு மகளைத் தூக்கத் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எனக்குக் கையசைத்தாள். ரயில் நகர்ந்தது.

நான் ரயிலோடு ஓடினேன். பிளாட்பாரத்தில் நின்ற ஸ்டேசன் ஊழியர், முப்பது வயதிருக்கும் தமிழ்ப் பெண், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓடாதீங்கண்ணே. எத்தனாவது கோச்? பிள்ளை என்ன கலர் சட்டை?"

கோச் தெரிந்தது. சட்டை ஞாபகம் வரவில்லை. காலையில் நானே போட்டுவிட்ட சட்டை.

"இன்னிக்கு எடுத்த படம் இருக்கா?"

ஃபெரியில் எடுத்த படம் இருந்தது. அதை அடுத்த ஸ்டேசனான சிம்பாங் அம்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே, வாக்கி டாக்கியில் மலாயில் நிதானமாகப் பேசினார். நான் டாக்சி பிடிக்கக் கிளம்பினேன்.

"நீங்க அங்க போவீங்க, பிள்ளை இங்க வந்துரும். இங்கயே இருங்கண்ணே. திரும்பி வர்ற ரயில்ல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

மனைவிக்கு என்ன சொல்வது என்று கேட்டேன்.

"பிள்ளை கைக்கு வந்ததும் நீங்களே சொல்லுங்க. மறைக்காதீங்க லா."

கொஞ்ச நேரத்தில் அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் சட்டையில் என் மகள், ஏதோ ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் என் பைகளை நிழலில் எடுத்து வைத்துவிட்டு, நான் முகம் துடைக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த ரயிலிலிருந்து ஒரு மலாய்க்கார கார்டின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் இறங்கினாள். இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாள். நன்றி சொல்லத் திரும்பினேன். அந்தப் பெண் ஒரு சீனப் பாட்டிக்கு டிக்கெட் கேட்டைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

இப்போதும் அந்த ஸ்டேசனில் அவரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு ரயில் வரும்போதும் பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கிறார், ஒவ்வொரு கதவாகப் பார்த்தபடி. அதற்கு முன்பும் அப்படித்தான் நடந்திருப்பார். நான்தான் கவனித்ததில்லை.