கிரியை ஒண்ணுமே வேண்டாமுங்க

நவம்பர் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் நினைவாற்றல் காரணமன்று. எங்கள் ஊருக்குள் மாலையில் வந்து திரும்பும் பேருந்து ஒன்றே ஒன்றுதான். அது வரும் நேரம் அது. அன்று அதிலிருந்து பெரியப்பா இறங்கினார். கையில் தோல்பை, தோளில் துண்டு, மலை வளைவுகள் தந்த தலைச்சுற்றலால் வெளிறிய முகம். மறுநாள் காலை ஓடையில் மூவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக வந்திருந்தார். அதற்கு முன், அன்று மாலையே, அந்த மூவரும் அவர் கேட்கும் கேள்விகளில் தேற வேண்டும். அவர்களில் ஒருவர் என் மாணவி. எனக்கு வயது பத்து.

நாங்கள் மலைக்காரர்கள் அல்லர். அம்மா கிராம சுகாதாரச் செவிலியர்; அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். பணிமாறுதல் இருவரையும் தென்கோடி மாவட்டத்திலிருந்து தூக்கிவந்து கொல்லிமலையில், அரியூர் நாடு என்ற ஊராட்சியில் போட்டிருந்தது. எங்களைப் போலவே கீழிருந்து வந்த ஏழெட்டு அரசு ஊழியர் குடும்பங்கள், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூடின. அடிவாரத்து ஊரொன்றில் போதகராக இருந்த பெரியப்பா மாதத்திற்கு ஒருமுறை மேலே வந்து எங்களை நேர்படுத்திவிட்டுப் போவார்.

பெரியப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையே ஒரு பழைய வழக்கு இருந்தது. ஆராதனை நடக்கும்போது யாரேனும் வாசலில் வந்து நின்று பிரசவ வலி என்றால் அம்மா பாதிப் பாட்டில் எழுந்து போய்விடுவார்.

"கிரியையை நம்பி ஓடாதம்மா. விசுவாசத்துல நில்லு" என்பார் பெரியப்பா.

"நிக்கேன் அத்தான். பிள்ளை தலை வெளிய வரட்டும், பொறவு வந்து நிக்கேன்" என்பார் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

நான் பெரியப்பாவின் கட்சி. அவர் பக்கத்தில் கேள்விகளும் விடைகளும் வரிசையாக இருந்தன. மனிதனுடைய நற்செயல்களாகிய கிரியைகளால் இரட்சிப்பு வருவதில்லை. விசுவாசத்தால் மட்டுமே வருகிறது. ஆகவே ஒருவரும் பெருமை பேச இடமில்லை. ஒரு கணக்கைப் போல அது மீதமின்றி முடிந்தது. அம்மாவின் பக்கத்தில் மருந்து வாசனையைத் தவிர வேறு வாதமே இல்லை. அது மட்டுமன்றி, அந்த விடைகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த ஒரே குழந்தை நான். பெருமை பேச இடமில்லை என்பதை நான் மிகுந்த பெருமையோடு ஒப்பிப்பேன்.

என் மாணவியைப் பாப்பாயி அக்கா என்று அழைத்தோம். மலையிலேயே பிறந்தவர், நாற்பதை நெருங்கும் வயது. மரவள்ளியாகிய குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை போக, மற்ற நேரமெல்லாம் அம்மாவோடு இருப்பார். தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாறைகளில் அம்மாவுக்கு முன்னே நடப்பார். பிரசவத்தில் அலறும் பெண்களின் தோளைப் பிடித்துக்கொள்வார். யாரும் அவரை இதற்கு நியமிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஆற்றைக் கடக்கத் தயங்கி நின்ற அம்மாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கியவர், பிறகு திருப்பித் தரவே இல்லை.

அவர் கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே வேலைக்குப் போனவர். பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில் காய்ச்சலில் இறந்தார். உடனிருந்தவர்கள் அங்கேயே புதைத்துவிட்டுச் செய்தியை மட்டும் அனுப்பினார்கள். உடல் வராததால் கணவரின் அண்ணன் தம்பிகள் எதுவும் செய்ய மறுத்துவிட்டனர். "பொணமே இல்லாம ஆருக்குச் செய்யறது?" என்றார்களாம். கருமாதி நடக்கவில்லை, ஆகவே அன்று இறக்க வேண்டிய தாலியும் பாப்பாயி அக்காவின் கழுத்திலேயே இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாததால் அந்த மனிதர் எங்கும் போய்ச் சேராமல் அலைகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். நேற்று மழை பெய்தது என்பதைப் போலத் தெரியும்.

அவர் ஆராதனைக்கு வரத் தொடங்கி, வாசலை ஒட்டிக் கடைசியில் உட்கார்ந்து, ஓராண்டு கழித்துத் தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டபோது, பெரியப்பா பதினெட்டுக் கேள்விகளும் விடைகளும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். பாப்பாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மூன்று வாரங்கள், பள்ளி விட்டு வந்ததும், அவர் வீட்டு முற்றத்தில் பாடம் நடந்தது. அவர் முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே சொல்லுவார்; நான் எதிரே கல்லின் மேல் உட்கார்ந்து திருத்துவேன். நான் கண்டிப்பான ஆசிரியை. ஒன்பதாம் கேள்வி வந்த நாளில் அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

"நாம் கிரியைகளினால் இரட்சிக்கப்படுவதில்லை. விசுவாசத்தினால் மட்டுமே."

"கிரியை ஒண்ணுமே இல்லாட்டியும் உங்க சாமி சேத்துக்குவாருங்களா?"

"சேர்த்துக்குவார்."

"ஒண்ணுகூட வேண்டாமுங்களா?"

"ஒன்றுகூட வேண்டாம்."

"நிசமாத்தானுங்களா கண்ணு? நீயாச் சொல்லலியே?"

"வேதத்தில் இருக்கிறது" என்றேன் நான், சற்றே எரிச்சலோடு.

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனந்திரும்புகிறவர்கள் அழுவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, பாப்பாயி அக்கா மனந்திரும்பிவிட்டார் என்று அறிவித்தேன். அதன்பின் அவர் ஆள் மாறித்தான் போனார். பெட்டியைச் சுமந்து நடக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடினார். "இவளுக்கு என்ன வந்துச்சு? எனக்கு முன்னால பத்து வயசு கொறஞ்சவ மாதிரி ஏறுதா" என்று அம்மா வியந்தார். என் கற்பித்தலே காரணம் என்று நான் அடக்கமாக எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாரும் தகரக் கூரையின் கீழ் கூடினார்கள். முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் பெரியப்பா, பக்கத்தில் அப்பா. ஓடை வரை செல்லும் வழியில் மண்டியிருந்த புதரையெல்லாம் அன்று காலையிலிருந்து பாப்பாயி அக்காதான் வெட்டித் தள்ளியிருந்தார். கைகளில் பச்சைக் கறையோடு வந்து நின்றார். முதலில் சாலைப் பணியாளர் ஒருவரும் அவர் மனைவியும் தேறினார்கள். பிறகு இவர் முறை.

"எதனாலம்மா நமக்கு ரட்சிப்பு?"

"விசுவாசத்தாலீங்க."

"கிரியையினால இல்லையா?"

"இல்லீங்க. கிரியை ஒண்ணுமே வேண்டாமுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் புன்னகையைக் கண்ட பாப்பாயி அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணுமே செய்யலீங்க. பொணமே வரலீங்க. பாலு தெளிக்கலீங்க, கருமாதி பண்ணலீங்க. எங்க அலையறாரோன்னு மூணு வருசமாப் பொழுது சாஞ்சா வாசல்லயே உக்காந்திருப்பனுங்க. கிரியை இல்லாமயே உங்க சாமி சேத்துக்குவாருன்னு கண்ணு சொன்னதுல இருந்துதானுங்க கஞ்சி எறங்குது. எங்கூட்டுக்காரரும் போய்ச் சேந்திருப்பாருங்க."

ஒரு கணம் எவருக்கும் விளங்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்குரல்தான் முதலில் கண்டுபிடித்தது: "ஐயோ, கருமாதியில்லா சொல்லுதா! கிரியைன்னா கருமாதின்னு நெனச்சுட்டா!"

சிரிப்பு எழுந்தது. தீய சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இடறி விழுந்தால் எழுமே, அப்படிப்பட்டது. மலையில் கிரியை என்றால் செத்தவர்களுக்குச் செய்வது ஒன்றுதான் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். நற்செயல் என்ற பொருள் எங்கள் தாளில் மட்டும் இருந்தது. அதை ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார் பெரியப்பா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் காது இரண்டும் சுட்டன. எழுந்து நின்றேன்.

"நான் சரியாகத்தான் சொன்னேன். கிரியை என்றால் நற்செயல். கருமாதி இல்லை. அவங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

பாப்பாயி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பெரியப்பாவிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்கவில்லை. தம் ஆசிரியையிடம் கேட்டார்.

"அப்ப, எங்கூட்டுக்காரரு?"

எனக்கு விடை தெரியும். முறைப்படி முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்.

"அவர் விசுவாசிச்சாரா?"

"அவரு இந்தச் சாமியக் கண்ணுலயே பாத்ததில்லீங்களே, கண்ணு."

"அப்படின்னா இல்லை" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் வேறு ஏதேனும் சொல்வார் என்று இன்றுவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பிள்ளை சொல்லுதது சரிதான்" என்றார். பிறகு மென்மையாக, "இன்னும் கொஞ்சம் படிக்கணும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை பார்ப்போம்" என்றார்.

அம்மா எழுந்தார். "இதே கேள்விய என்கிட்டக் கேளுங்க அத்தான். எங்க அப்பா என்னத்தை விசுவாசிச்சாருன்னு எனக்கும் தெரியாது. என்னையும் ஞானஸ்நானத் தண்ணியில இருந்து வெளிய எடுத்துப் போடுவீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதம்மா. இது உபதேசம்."

"ரெண்டு வருசமா என் பெட்டியச் சொமந்தாளே, அது என்னது?"

"கிரியை" என்றார் பெரியப்பா. அவரைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

அப்பா மேசை மேலிருந்த தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தன. அம்மா பாப்பாயி அக்காவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். அக்கா போகும்போது தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏதோ ஒரு கூட்டத்தில் அது தொலைந்துவிடும் என்று அஞ்சுபவரைப் போல.

சாப்பிடும்போது பெரியப்பா என் தலையில் கை வைத்து, இவளை இறை ஊழியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். அம்மா அவர் இலையில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போனார். எல்லாரும் ஏன் வருத்தமாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு சொல்லின் பொருள் பிழைபட்டது, அது திருத்தப்பட்டது, பிழை திருத்தப்பட்டால் மகிழத்தானே வேண்டும்?

இப்போது நான் இலக்கியம் படிக்கிறேன். அகராதியில் கிரியை என்ற சொல்லுக்கு நேரே செய்கையும் ஈமச்சடங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே நிற்கின்றன. அவற்றுக்குள் சண்டை ஏதுமில்லை. பெரியப்பாவின் உபதேசத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடல் கிடைக்கவில்லை, சடங்கில்லை, உறவினர் கைவிட்டார்கள், கொடுக்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவரையும் கடவுள் சும்மாவே ஏற்றுக்கொள்வார் என்பதற்காகத்தான் அந்த உபதேசத்தை யாரோ ஒருவர் முதன்முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் அதை அப்படியே நம்பியவர் ஒருவர்தான் இருந்தார். நாங்களோ கிரியை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, சரியான விடை சொல்வதை ஒரு கிரியையாக்கி, அதில் அவரைத் தோற்கடித்தோம். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அம்மாவுக்கு மாறுதல் வந்து மலையை விட்டு இறங்கிவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை நான் செய்தது இது. ஆறு மணிக்கு எழுந்தேன். ஒன்பது மணிக்குத்தான் ஞானஸ்நானம். அதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிடலாம். பனியில் நனைந்துகொண்டே பாப்பாயி அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன, புகையினால் என்று எண்ணினேன்.

"வா கண்ணு. இந்நேரத்துல குளுருல வந்தியா?" என்று தம் கம்பளியை எடுத்து என்மேல் போர்த்தினார்.

நான் கல்லின் மேல் உட்கார்ந்து ஒன்பதாம் கேள்வியைக் கேட்டேன். கிரியை என்றால் நற்செயல் என்றேன். சொல்லச் சொன்னேன்.

"கிரியைன்னா நல்ல காரியமுங்க."

"கருமாதி இல்லை."

"கருமாதி இல்லீங்க."

"விசுவாசிக்காதவர்கள் சேர மாட்டார்கள்."

அவர் கையிலிருந்த விறகை மெதுவாக அடுக்கின் மேல் வைத்தார். "சேர மாட்டாங்களுங்க" என்றார். கடைசி "ங்க" சற்றுத் தாமதமாக வந்தது.

மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்று முறையும் பிழையின்றிச் சொன்னார். மிகவும் நன்றாகச் சொல்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, ஞானஸ்நானம் தொடங்குவதற்குள் செய்தி சேர வேண்டுமே என்று கம்பளியைக் கல்லின் மேலேயே போட்டுவிட்டு, பெரியப்பாவிடம் சொல்ல வழியெல்லாம் மகிழ்ச்சியாக ஓடினேன்.