திருடனுக்கு ஒரு விதை

இன்று காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு முள்ளுக்கத்தரி மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. கையில் எடுத்ததும் கடைக்காரர், "அது வேணாம் சார், முத்திப்போச்சு, உள்ள விதையாத்தான் இருக்கும்" என்றார். வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை எப்படி நம்புவது? பிடிவாதமாக அதையே வாங்கி வந்தேன். வீட்டில் அறுத்தபோது எழுந்த கசப்பு வாசனை என்னை நேராக, நாங்கள் முதலில் குடியிருந்த தோ பாயோவுக்குக் கொண்டுபோய்விட்டது.

என் சுபாவம் அப்படி. எம்ஆர்டி ரயிலில் பக்கத்து ஆள் கொட்டாவி விட்டால்கூட எதையோ மறைக்கிறார் என்று தோன்றும். அப்போது கப்பல் பட்டறையில் எனக்கு வேலையும் அதற்கேற்றதுதான். அடுத்தவர் செய்த வெல்டிங்கை நம்பாமல் சோதிக்க வேண்டும். நம்பாமல் இருப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள், சொல்லுங்கள்.

கல்யாணமான புதிதில் என் மனைவி கவிதா மதுரையிலிருந்து வந்தாள். நான் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். ஒன்பதாவது மாடியில் தனியாகவே இருந்தவளுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், "டிக்கெட் போட்டுக் குடுங்க, நான் ஊருக்கே போயிடறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

பிளாக்குக்குக் கீழே இருந்த பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தி வாங்கியது அதனால்தான். "முதல் காய் வர்ற வரைக்கும் இரு. அப்புறமும் போகணும்னா நானே ஏத்தி விடறேன்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

இதே மாதிரி பழுத்த ஒரு கத்தரியிலிருந்து விதையெடுத்துக் காயவைத்தாள். எத்தனை போடுவது என்பதில்தான் தகராறு. "ரெண்டு பேருக்கு நாலு செடி தாராளம். குழிக்கு ரெண்டு விதை போதும்ங்க" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சந்தைக் காயின் விதை, ஒன்று முளைக்காது. ஒன்றை எறும்பு தூக்கும். ஒன்று நமக்கு. "நாலாவது திருடனுக்கு" என்றேன்.

"கத்தரி நாத்தைத் திருட சிங்கப்பூர்ல யாருங்க வருவா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. அதற்காகவே குழிக்கு நாலு போட்டேன்.

என்னைப் பொய்யனாக்கவோ என்னவோ, அத்தனையும் முளைத்தன. இலை விரிந்து விரல் உயரம் வந்த பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. நத்தை என்றால் இலை கடிபட்டிருக்கும், மைனா என்றால் மண் சிதறியிருக்கும். இதுவோ வேரோடு பெயர்த்தெடுத்து, குழியை மூடித் தட்டியும் விட்ட வேலை. மனுஷக் கைதான், சந்தேகமே இல்லை.

பக்கத்துப் பாத்தி ஒரு மலாய்க்கார அம்மாவுடையது. அவரை எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுவார்கள், நம்மூர் அத்தை மாதிரி. தமிழர்களோடு வளர்ந்தவர், 'லா' சேர்த்துத் தமிழும் பேசுவார். என்னைப் பார்த்தபோதெல்லாம் சிரிப்பார். காரணமில்லாமல் ஒருவர் ஏன் சிரிக்க வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பாத்திக்குள் எட்டிப் பார்த்தேன். பாண்டான் என்கிற ரம்பை இலைப் புதருக்குப் பின்னால் வரிசையாகக் கத்தரி நாற்றுகள்! இலை நரம்பைத் தடவினேன். முள் குத்தியது. வேறு சாட்சி எதற்கு?

ரத்தம் துளிர்த்த விரலோடு மேலே ஓடினேன். "மக்சிக்கைக் கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்! தோட்டக் கமிட்டில சொல்லப்போறேன்."

கவிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான்தாங்க குடுத்தேன்."

நான் வேலைக்குப் போனபின், தினமும் காலையில் அவளும் மக்சிக்கும் தோட்டத்தில்தான் இருந்திருக்கிறார்கள். "நாலும் ஒரே குழியில நின்னா காய்க்காது லா, ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்ததைப் பிடுங்கிப் போடுன்னாங்க. தூக்கிப்போட மனசு வரல. அவங்களையே வச்சுக்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அவங்க ஏன் வந்தாங்க, எதுக்குச் சிரிச்சாங்கன்னு விசாரிப்பீங்க. இங்க எனக்குன்னு இருக்கிறது அவங்க ஒருத்தங்கதான்."

வெட்கத்தைவிட நிம்மதிதான் எனக்கு அதிகமாக வந்தது. ஆனாலும் டிக்கெட் பயம் போகவில்லை. முதல் காய் மக்சிக் பாத்தியில்தான் காய்த்தது. அவர் கொண்டுவந்து கொடுத்ததைக் கவிதா எண்ணெயில் வதக்கிப் பரிமாறினாள். "டிக்கெட் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அது அவங்க பாத்திக் காய். கணக்குல வராது" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வாரம் எங்கள் பாத்தியிலும் காய்த்தது. டிக்கெட் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து அந்தப் பிளாக்கை இடித்துவிட்டார்கள். தோட்டமும் அதோடு போயிற்று. மக்சிக் உட்லண்ட்ஸில் மகள் வீட்டுக்குப் போனார். நோன்புப் பெருநாள்தோறும் போய்ப் பார்த்துவந்தோம். ஒரு பெருநாளுக்குக் கதவைத் திறந்த மகள், அம்மாவின் காலி நாற்காலியைப் பார்த்து அழுதாள்.

இப்போது நாங்கள் இருப்பது பொங்கோலில். வாசல் நடைபாதையில் நாலைந்து தொட்டிகள். எதிர்வீட்டுக் கதவில் கேமரா இருக்கிறது. பழக்கதோஷம், இன்னும் தொட்டிக்கு நாலு விதைதான் போடுகிறேன். நாலும் முளைத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, காய்ப்பதில்லை. "மூணைப் பிடுங்கணும்ங்க" என்று கவிதா வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறாள். அவளும் பிடுங்குவதில்லை, நானும் பிடுங்குவதில்லை. திருடன் பங்கை எடுத்துப்போக ஆள் இல்லை.