ஒன்றரை மணி நேரக் கிரகணம்

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பகலில் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. மாலையில், கிள்ளானிலிருந்து வெளிவந்த தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அரைப் பத்தி விஞ்ஞானம் எழுதுபவன். அந்த அரைப் பத்தியை ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்டிருந்தார்.

பங்குனிப் பௌர்ணமியன்று சந்திர கிரகணம். இங்கே எல்லா வீட்டிலும் கப்பலில் வந்த இந்தியப் பஞ்சாங்கம்தான். அது ஆறரை முதல் எட்டேகால் வரை என்றால், நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலும் ஆறரைக்கே அடுப்பை அணைப்பார்கள். இந்தியக் கடிகாரத்தைவிட நம் கடிகாரம் ஒன்றரை மணி முந்தி ஓடுவதை யாரும் கணக்கில் கொள்வதில்லை. இங்கே எட்டு மணிக்குத்தான் பிடிக்கும் என்று எழுதினேன்.

ஆசிரியர் அச்சிட்டுவிட்டுச் சொன்னார்: "நிலா உங்க பேச்சக் கேக்கலன்னா, அடுத்த வாரம் அங்க பொடவைதான்."

அன்று மாலை முழுக்க மேகம். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். எட்டு அடித்தது; வானம் திறக்கவில்லை. எட்டேகால் ஆனதும் பக்கத்து வீட்டு எஞ்சின் டிரைவர் கிரகணம் விட்டதாகத் தலை முழுகிவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னா கிராணியாரே, நிலாவுக்கும் நீங்கதான் சிக்னல் போடணுமா?" என்றார் உள்ளிருந்தபடியே.

மேகத்தின் ஓரம் வெளுத்தது. பிறகு நிலா வந்தது, ஓரம் கடித்த தோசைபோல.

என்னை அறியாமல் அவரைக் கூப்பிட்டுவிட்டேன். வாயில் சோற்றோடு வந்து அண்ணாந்து பார்த்தார். அப்படியே சாக்கடையோரம் போய்த் துப்பினார்.

"மொதல்லயே சொல்றதுக்கென்னாய்யா?"

"போன வாரமே பத்திரிகைல எழுதினேண்ணே."

"பேப்பர்ல போட்டா ஆச்சா? பக்கத்து வீடுதானே, வந்து சொல்லணும்லா."

இரண்டாவது முறை தலை முழுகப் போனார்.

மறுநாள் வேலை முடிந்ததும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். ஆசிரியர் முகம் மலர்ந்திருந்தது.

"காலைலேர்ந்து ஆளுங்க வந்து, கிரகணத்துல சாப்பிட்டுட்டோமே, ஏன் பெருசா போடலன்னு சண்ட போடறாங்க. பத்தி உங்களுக்குத்தான். ஆனா இனிமே வாராவாரம் நல்ல நேரம் போடுங்க, நம்மூரு மணிக்கு."

அந்த வாரத்துக்குக் கிருமிகளைப் பற்றி எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன். ரயிலில் திரும்பும்போது அதை எடுத்துப் பார்த்தேன். முதல் நான்கு வரிகளை அடித்து நல்ல நேரத்துக்கு இடம் விட்டேன். கிருமிகள் அதற்குக் கீழே வந்தன.