எங்கள் வீட்டு ஆயர் கோசோங் கூட்டம்

அன்பான சபையாரே, எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆண்டவர் என் வீட்டில் செய்ததை, நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து புக்கிட் ரம்பாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஆலயத்துக்கும் வர மறுத்தார். உயிரோடு இருக்கிற மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தேன். அழுது அழுது கண்ணீரும் வற்றிப்போனது.

"அவரு ஆலயத்துக்கு வரலன்னா ஆலயம் அவருகிட்ட போவட்டும்மா," என்றார் போதகர். எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், இருக்கும் சபைக் குடும்பங்கள் சேர்ந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வீட்டுக்கூட்டம் தொடங்கினோம். இரண்டாம் வாரமே பாட்டுச் சத்தம் கேட்டு அவர் அறைக் கதவு அரையாகத் திறந்தது. நான் ஸ்தோத்திரம் பண்ணினேன்.

ஆனால் நம்ம ஆட்களுக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய வருமா? முதல் வாரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். அடுத்த வாரம் ஒரு குடும்பம் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக் கொண்டுவந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொருவர் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், தொட்டுக்கொள்ளக் கணவாயில் சம்பல் சோத்தோங். அப்புறம் கோழி பிரியாணி, பாயாசம். ஜெபம் சுருங்கியது, சாப்பாடு நீண்டது. அடுத்து சாப்பாடு கொண்டுவரும் முறை, கூட்டத்துக்கு வரும் மேரியுடையது. ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று போன் பண்ணிவிட்டாள். அவளுக்கு அடுத்தவர், வீட்டில் விருந்தாளி என்றார். பிறகு ஒருவரும் வரவில்லை.

என் வீட்டுக்காரரின் அறைக் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. மருந்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சமையலறையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்கு வேற ஒன்னும் வேணாம். யாரையாச்சும் அனுப்பும்," என்று கதறினேன்.

எழுந்து முகம் கழுவுவதற்குள் வாசலில் குரல். மேரிதான். மழையில் நனைந்து, ஃபேக்டரி யூனிஃபார்மோடு நின்றாள்.

"அக்கா, ஓவர்டைம்னு பொய் சொன்னேன்கா. பிரியாணிக்கு அப்புறம் நான் என்னத்தக் கொண்டாறதுன்னு பயந்துட்டேன். மனசு கேக்கல. இன்னிக்கும் வெறுங்கைதான்கா."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இனிமே ஆயர் கோசோங் மட்டும்தான்லா," என்றேன். வெறும் தண்ணீர். அன்று இரவே எல்லோருக்கும் போன் பண்ணி அதையே சொன்னேன். "அப்பாடா," என்றார்கள். ஆளுக்கு ஆள் அதே பயத்தில்தான் இருந்திருக்கிறார்கள்!

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பாட்டு முடிந்து ஜெபத்தில் இருந்தோம். காலை இழுத்து இழுத்து யாரோ நடக்கும் சத்தம். கண் திறந்தால், என் வீட்டுக்காரர். இடது கையில் தண்ணீர் ஜக்.

ஒவ்வொருவர் கிளாஸிலும் ஊற்றினார். பாதி கிளாஸில், பாதி பாயில். ஜக்கை வாங்க எழுந்த என்னை மேரி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எல்லோரும் பொறுமையாகக் கிளாஸை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். பிரியாணி என்றால் அவரால் பரிமாறியிருக்க முடியாது. தண்ணீர் ஊற்ற முடிந்தது.

கடைசிக் கிளாஸ் என்னுடையது. ஊற்றிவிட்டு, வாயைக் கோணி, "இன்னும்... வேணுமா?" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அன்று இரவு அவராகவே மருந்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வலது கை இன்னும் எழவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவரே வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். நான் ஆட்களைத்தான் கேட்டேன். ஆண்டவர் ஆட்களையும் தந்து, என் மனிதரையும் திருப்பித் தந்தார். உங்கள் வீட்டிலும் ஒரு கதவு சாத்திக் கிடக்கலாம். ஆண்டவரை நம்பி நாலு பேரைக் கூப்பிடுங்கள். கொடுக்க ஒன்றுமில்லையே என்று தயங்காதீர்கள், தண்ணீர் போதும்.