முதன்முதலாகப் பூண்டு கொதித்த நாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. இடம், மயிலாப்பூரில் எங்கள் இரண்டாம் மாடி ஃபிளாட்.

என் மகளுக்குக் குடல் அழற்சி. ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவள், அந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். திரும்ப வந்துவிடுமோ என்று எனக்குத்தான் தூக்கமே இல்லை. செல்போனைத் துழாவியபோது, பூண்டிலும் முட்டைகோஸிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் குடல் அழற்சியிலிருந்து காக்கக்கூடும் என்று ஒரு கட்டுரை. 'கூடும்' என்பது என் கண்ணில் படவில்லை.

எங்கள் வீட்டில் பூண்டு நுழைந்ததே கிடையாது. எவ்வளவு போடுவதென்று யாரைக் கேட்பது? மருந்துதானே என்று கால் கிலோவை உரித்து அரைத்து, முட்டைகோஸோடு ஒரு குண்டானில் கொதிக்கவிட்டேன். அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று ஜன்னல்களை இறுக மூடினேன். நாற்றம் வாசல் கதவிடுக்கு வழியாக மாடிப்படிக்குப் போய்விட்டது.

மேல்மாடிக்காரர் கதவைத் தட்டினார். "மாமி, கேஸ் லீக்! அடுப்பை அணைச்சுட்டு ஓடி வாங்கோ!"

எங்கள் வீட்டிலிருந்து அப்படி நாறினால் கேஸாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. சமையல் கேஸில் நாற்றத்துக்காகச் சேர்ப்பதும் கந்தகச் சேர்மம்தானாம், பிறகுதான் தெரிந்தது.

மொத்தக் குடியிருப்பும் தெருவில் நின்றது. "இன்னாமா, கேஸு இம்மாம் காரமா கீது? கண்ணு எரியுது" என்றார் வாட்ச்மேன்.

என் கணவர் மெதுவாக என் பக்கம் குனிந்தார். "உன் கையில என்னடி நாத்தம்?"

"அப்புறம் சொல்றேன்னா. பேசாம நில்லுங்கோ."

மேல்மாடிக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட எடுத்த நேரம், அரை நாள் வேலை முடிந்து மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்து முகம் வெளுத்துப்போனாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அவள் காதில் உண்மையைச் சொன்னேன்.

"மாமா, போன் பண்ணாதீங்கோ. கேஸ் இல்லை, பூண்டு" என்றாள் உரக்க. தெருவே சிரித்தது.

அங்கேயே டாக்டரைப் போனில் கூப்பிட்டுப் பேசினாள். புண் ஆறிவரும் குடலுக்கு இப்போது இதெல்லாம் வேண்டாம், மாத்திரையை மட்டும் விட வேண்டாம் என்றாராம்.

"மறுபடி வந்துடுமோன்னு பயம்டி" என்றேன். இன்றைக்கும் மருத்துவக் கட்டுரை எதைத் திறந்தாலும், என் தோளில் கை போட்டு அவள் சொன்னதுதான் முதலில் காதில் விழுகிறது.

"வந்தா டாக்டரைப் பார்த்துக்கலாம்மா. அந்தக் குண்டானை மட்டும் என்கிட்ட கொண்டு வராதே."