பைக்குக் காவல்

தீம் பார்க் போக எங்கள் வீட்டில் திட்டம் போட்டது அம்மா. அப்பாவிடம் விட்டிருந்தால் உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்து, நாலு ராட்டினம்கூடச் சுற்றாமல் திரும்பியிருப்போம். அம்மா துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எந்த மிஷினில் துணி தேங்கும் என்று காலையிலேயே மோப்பம் பிடித்துவிடுகிற ஆள்.

புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் மாடிவீட்டு அக்கா பள்ளிச் சுற்றுலாவில் அந்தத் தீம் பார்க்குக்குப் போய்வந்திருந்தாள். அவளை உட்காரவைத்து அம்மா துருவித் துருவிக் கேட்டாள். கேட் எப்போது திறக்கும், எதற்குக் கூட்டம் அதிகம், எது வாசலுக்குத் தூரம், மர நிழலில் பெஞ்சு எங்கே இருக்கிறது. எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏறியது.

"வாசல் கிட்டயே எல்லாரும் மொய்ப்பாங்க. நீங்க நிக்காம கடைசிக்கு ஓடுங்க. ரோலர் கோஸ்டர முடிச்சிட்டு அப்படியே முன்னாடி வாங்க. பைய நான் பாத்துக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே எழுந்து புளிச்சோறு கட்டினாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, கேட் திறக்கும்போது நாங்கள்தான் முன்னால் நின்றோம். அப்பாவும் அண்ணனும் நானும் ஓடினோம். ரோலர் கோஸ்டரில் வரிசையே இல்லை, இரண்டு தடவை ஏறினோம். ஊர் ஜனம் உள்ளே வந்து சேர்வதற்குள் பெரிய ராட்டினம் எல்லாம் முடிந்துவிட்டது!

அதைச் சொல்லத்தான் பெஞ்சுக்கு ஓடினேன். அம்மா பையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களுக்காக ஒன்றில்கூட ஏறாமல், பாவம், இப்படியா கிடப்பாள்? பிடித்து உலுக்கினேன்.

"என்னாச்சு, யாராவது வுழுந்துட்டீங்களா?"

"நீயும் ரோலர் கோஸ்டர் போம்மா. பைய நான் பாத்துக்கறேன்."

"எனக்கு வேணாங் கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம்..."

நான் விடவில்லை, ஓவென்று அழுதேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். அப்பா கூடப் போனார். எந்த நேரத்தில் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று தாளில் எழுதியிருந்தாளோ, அதே நேரத்தில், கொளுத்துகிற வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"நல்லா இருந்துச்சாம்மா?"

"ம். நல்லா இருந்துச்சு."

அம்மாவை ஏற்றிவிட்டதே நான்தான் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். வெட்கங்கெட்ட பெருமை. இப்போது நானும் ஆறு நாள் வேலைக்குப் போகிறேன், ஏழாம் நாள் வீட்டுத் துணியெல்லாம் துவைக்கிறேன். மாடிவீட்டு அக்காவிடம் அம்மா பெஞ்சைப் பற்றி எதற்குக் கேட்டாள் என்று இப்போதுதான் உறைக்கிறது. சாயந்திரம் வரைக்கும் யாரும் தன்னைத் தேடி வராதபடி எங்கள் மூன்று பேருக்கும் வேலை கொடுத்துவிட்டு, தனக்கென்று அவள் எடுத்துக்கொண்டது அந்தத் தூக்கம் ஒன்றைத்தான்.

அன்று திரும்பும் பஸ்ஸில், புதுச்சேரி வரும்வரை, நான் அம்மா மடியில் நன்றாகத் தூங்கினேன். நான் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு அவள் விழித்தே வந்தாள்.