நேரா ஓகே இல்லப்பா

போன தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பழங்காலப் பண்ணை வீடு இருக்கிறது. இடிந்து கிடந்ததை ஒரு தம்பதி வாங்கி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, தொழுவத்தைக்கூட பழையபடியே எழுப்பியிருந்தார்கள். அந்த சனி, ஞாயிறு மட்டும் டிக்கெட் வாங்கி, குடும்பத்தோடு வந்து ஆடு, மாடு, வாத்து, முயல் எல்லாம் பார்க்கலாம் என்று எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது.

"மாட்டப் பாக்க டிக்கெட்டா? எங்கப்பா கேட்டா சிரிப்பாரு" என்றாள் என் மனைவி. தொழுவத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் போக வேண்டும் என்று கேட்டுவிட்டாள். கிளம்பினோம்.

இந்த இடத்தில் என் வியாதியைச் சொல்லியாக வேண்டும். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. உள்ளே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பாதையைக் கடக்குமுன் நின்று, கையை நீட்டிக் காட்டி, "வலது ஓகே, இடது ஓகே, நேரா ஓகே" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டும். இது ஊறிப்போய், கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மணமேடை ஏறுமுன் கை காட்டியவன் நான். புரோகிதர் பயந்து ஒதுங்கி வழிவிட்டார்.

என்னைப் பார்த்து மகளும் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் பிள்ளைகள் அவளை டிராஃபிக் போலீஸ் என்று கூப்பிடுகிறார்களாம். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் கைய சும்மா வச்சிக்கினு வாங்க. மாடு இன்னா லாரியா, மேல ஏத்திட்டுப் போறதுக்கு?"

நான் கைகளை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். மகளின் மஞ்சள் கவுனில் பாக்கெட் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பண்ணைக்கார அம்மா வாசலிலேயே எல்லோரையும் எச்சரித்தார்: "பின்பக்கம் மட்டும் பசங்கள விட்டுடாதீங்க. கன்னு போட்ட பசு நிக்குது. கன்னுகிட்ட யார் போனாலும் முட்டுது." பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

அடுத்து நடந்ததற்கு நானே பொறுப்பு. மகளைச் சிரிக்க வைக்கலாம் என்று, கழுத்து நீண்ட வெள்ளை வாத்துகளுக்கு முன்னால் வாத்து நடை நடந்து காட்டினேன். அவற்றுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. சேர்ந்து துரத்தின. கிணற்றைச் சுற்றி நான் ஓட, கூட்டமே வீடியோ எடுத்தது. என் மனைவியும்தான், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே.

சிரிப்பு அடங்கியபோது மகள் பக்கத்தில் இல்லை.

முயல் கூண்டில் இல்லை. ஆட்டுப்பட்டியில் இல்லை. மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "மஞ்ச கவுன் பாப்பாவா? பின்னாடி போச்சே" என்றார் யாரோ ஒருவர். எனக்கு அந்தப் பசு ஞாபகம் வந்தது. ஓடினேன்.

பின்சுவரில் இருந்த வழியை அடைத்து வைத்திருந்த மூங்கில் படல் விலகிக் கிடந்தது. அந்த இடைவெளியில், எனக்கு முதுகைக் காட்டியபடி மகள் நின்றிருந்தாள். கொஞ்சம் எட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் படுத்திருந்தது கன்று. அதற்குப் பின்னால் கயிறு அவிழ்ந்த பசு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. மகளின் வலது கை நேராக நீண்டிருந்தது. கால் மட்டும் உள்ளே வைக்கவில்லை.

திரும்பாமலே சொன்னாள்: "நேரா ஓகே இல்லப்பா."

சரி, பாதுகாப்புப் பயிற்சியில் பரிசு வாங்கிய அப்பா என்ன செய்தார்? வலதும் பார்க்கவில்லை, இடதும் பார்க்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் சாணியில் வழுக்கி, மகளையும் தாண்டி, நேராகப் பசுவின் முன்னால் போய் விழுந்தார்.

பின்னாலேயே வந்த மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "யோவ், எழுந்துக்காத. அப்டியே பின்னால நகந்து வா" என்றாள். அதே மூச்சில் பசுவிடம், "ஒண்ணும் இல்லம்மா, யாரும் தொட மாட்டாங்க, நில்லும்மா" என்று கொஞ்சினாள். அந்தக் குரலில் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. பசு நின்றது. நான் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வெளியே வந்தேன். பண்ணைக்கார அம்மா ஓடி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பைக்கில் நடுவில் உட்கார்ந்த மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மனைவி கேட்டாள்: "கை காட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல? அப்புறம் ஏன்டி காட்டின?"

"நீங்க ரெண்டு பேரும் கூட இல்லல்லம்மா. அதான் நானே பாத்துக்கினேன்."

ஒரகடத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க வண்டியை நிறுத்தினேன். கடை எதிர்ப்பக்கம். மனைவி இறங்கி, மகளின் கையைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றாள். மறு கையை நீட்டினாள். வலது, இடது, நேரா. அத்தனை பேர் பார்க்க.

இப்போதும் ஷிஃப்டில் எவ்வளவு அவசரம் என்றாலும், அந்தக் கடைசி "நேரா ஓகே"யை நான் முணுமுணுத்துத் தள்ளிவிடுவதில்லை. நாங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என் மகளோடு நின்றது அது ஒன்றுதான்.